தண்ணீர்த் தொட்டிக்கு எந்த மீட்டர் நல்லது?

அக்கா வீட்டு மாட்டுக் கட்டுத்தரையில் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கையில் டெஸ்டர். சின்ன ஸ்க்ரூ டிரைவர் மாதிரி, உள்ளே ஒரு விளக்கோடு இருக்குமே, அதுதான். தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் இரும்புக் குழாயில் அதன் முனையை வைத்து, தலையில் விரலை அழுத்தி, விளக்கையே உற்றுப் பார்க்கிறேன். தவிட்டு வாசனையும் சாணி வாசனையும் ஈரச் சிமென்ட் வாசனையும் கலந்து வருகிறது.

எனக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். என் அக்கா சரசு, அவள் வீட்டுக்காரர் மாமா, மாட்டுத் தரகர் செங்கோடன். தொட்டிக்கு எட்டாத தூரத்தில், முன்னங்காலை ஊன்றிக் கயிற்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு செவலை நிற்கிறது. செவலை என்பது மாடு. சிவப்பும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல், சுட்ட செங்கல் நிறம்.

விளக்கு எரியவில்லை.

"கரண்ட் எல்லாம் இல்லைக்கா," என்றேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்டர்கள் பேசுவார்களே, அந்தக் குரலில்.

மாமா தரகரைப் பார்த்தார். தரகர் மாட்டின் முதுகைப் பார்த்தார்.

"அப்பச் சுழிதானுங்க," என்றார்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் டெஸ்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஏதோ சாதித்தவள் மாதிரி எழுந்து நின்றேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் கைப்பையோடு என்னையும் சேர்த்துத் தொட்டிக்குள் தள்ளலாம் போலத் தோன்றுகிறது.

செவலையின் குற்றப்பத்திரிகை

அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். செவலை அவள் கையால் வளர்ந்த மாடு. பிறந்த சில நாளிலேயே தாய் மாடு செத்துப்போக, புட்டியில் பால் ஊற்றி வளர்த்தாள். இரண்டு பிள்ளைகளும் வெளியூர் வேலைக்குப் போன பிறகு அவள் வாய்விட்டுப் பேசுவதே செவலையோடுதான். "மாமன்கிட்டப் பேசறதுக்கு இதுகிட்டப் பேசலாம் அம்மிணி. இதாவது காத ஆட்டும்," என்பாள்.

தலைச்சன் கன்று போட்ட சந்தோஷத்தில் மாமா புதுக் கட்டுத்தரை கட்டினார். சிமென்ட் தரை, சிமென்ட் தொட்டி, போர்வெல் மோட்டாரிலிருந்து நேராகத் தொட்டிக்கு இரும்புக் குழாய். மோட்டாரைப் போட்டால் தொட்டி நிறையும், மாடு குடிக்கும். குடம் தூக்கவே வேண்டாம்.

செவலை குடிக்கவில்லை. தொட்டியில் வாயை வைக்கும், வெடுக்கென்று தலையைத் தூக்கும், பின்னால் போகும். அதே தண்ணீரைப் பிளாஸ்டிக் வாளியில் மொண்டு வேப்பமரத்தடியில் வைத்தால் மடமடவென்று குடிக்கும். காலையில் கறக்க உட்கார்ந்தால் உதைத்தது. ஒருநாள் உதைத்ததில் அக்காவின் மணிக்கட்டு வீங்கிப்போய், பத்து நாள் துணி சுற்றிக்கொண்டு திரிந்தாள். பாலும் குறைந்துகொண்டே வந்தது.

வந்து பார்த்த தரகர், வால் பக்கமாக ரோமம் சுழித்திருந்த ஒரு சுழியைக் காட்டி, அது ஆகாத சுழி என்றார். எங்கள் பக்கம் பெண்ணுக்கு ஜாதகம் பார்க்காமல்கூடக் கல்யாணம் நடந்துவிடும், மாட்டுக்குச் சுழி பார்க்காமல் கை மாறாது.

அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "வாளியில குடிக்கிற மாடு தொட்டியில ஏன் குடிக்காது? தொட்டியில கரண்டு கிரண்டு வருதோ என்னமோ. என்ற தங்கச்சியக் கூப்புட்டுப் பாக்கோணும்," என்று சொல்லித்தான் என்னை வரவழைத்தாள். நான் போய், அவள் சொன்னது தப்பு என்று நாலு பேர் முன்னால் நிரூபித்துவிட்டு வந்தேன். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது.

எனக்கு எப்படி இந்தப் பட்டம்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் மின்சாரம் படித்தவள் இல்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை. மாலையில் சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரத்தில் சால்டரிங் அயர்ன், பலகைத் துண்டுகள், பழைய ரேடியோக்கள். வீட்டுக்காரர் அந்த ஓரத்துக்கு 'வெளிநாடு' என்று பெயர் வைத்திருக்கிறார். உப்பு ஜாடி அங்கே போய்விட்டால் திரும்பி வராது என்பது அவர் புகார்.

ஒரு மிக்ஸியும் இரண்டு மின்விசிறியும் சரி செய்து கொடுத்ததில் சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு 'கரண்டுக்காரி' என்று பட்டம் கிடைத்தது. ஒரு முறை ஒறம்பரை, அதாவது உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மைக் செட் மக்கர் செய்தபோது, பந்தியில் பாதிச் சாப்பாட்டில் என்னை எழுப்பிக் கூட்டிப்போனார்கள். போய்ப் பார்த்தால் பிளக்கே மாட்டவில்லை. மாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த மரியாதை மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்கவில்லை. இந்த மாதிரி மரியாதை ஆளைக் கெடுக்கும். என்னைக் கெடுத்தது.

போன வாரம் சால்டரிங்கில் விரல் சுட்ட கதையை எழுதியதும், வாழப்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "நானும் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். கையில் எடுத்துப் போகிற மாதிரி எந்த மீட்டர் வாங்கலாம்?" அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். செவலை குறுக்கே வந்துவிட்டது. ஆனாலும் பதில் இதற்குள்ளேதான் இருக்கிறது.

வாங்கியவையும் வாங்கத் தெரியாதவையும்

என் முதல் மீட்டர் முள் ஆடுகிற ரகம். கடைவீதியில் வாங்கினேன். கடைக்காரர், "சாருக்குங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, எனக்குத்தான்" என்றதும் இன்னொரு முறை பெட்டியைத் துடைத்துக் கொடுத்தார். ஒரு தடவை கைதவறிக் கீழே விழுந்ததில் முள் பாதியில் நின்றுவிட்டது. பிறகு எதை அளந்தாலும் ஒரே அளவுதான்.

இரண்டாவது, மஞ்சள் நிறத்தில் மலிவான டிஜிட்டல் மீட்டர். அதன் ஒயர்கள் காய்ந்த பாகற்கொடி போல விறைப்பாக இருக்கும். மேசையில் வைத்தால் ஒயரே மீட்டரை இழுத்துக் கீழே தள்ளிவிடும். வாசகிக்கு என் முதல் புத்தி: மீட்டரைப் பார்க்கும் முன் அதன் ஒயரை மடக்கிப் பாருங்கள். மெத்தென்று மடங்கினால் மேலே பேசுங்கள்.

மூன்றாவதுதான் இப்போதும் வைத்திருக்கும் மீட்டர். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, சாம்பல் நிறம், ரப்பர் உறை, உள்ளே சதுரமான ஒன்பது வோல்ட் பேட்டரி. அதில் 'மேக்ஸ்' என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தி விட்டுவிட்டால், இடையில் எவ்வளவு உயரம் போனதோ அந்த அளவை ஞாபகம் வைத்திருக்கும். நாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. வாங்கிய நாளிலிருந்து நான் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை. பார்த்துக்கொண்டே இருப்பதுதானே இந்தப் பொழுதுபோக்கின் சுகம்.

என் ஆசையெல்லாம் நான்காவதன் மேல் இருந்தது. கையடக்க ஸ்கோப். சின்ன செல்போன் அளவில், மின்சாரம் துள்ளுவதைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி. வாங்கக் காரணம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் அழுகை எனக்குக் காரணமாகிவிட்டது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் போய்வந்த நாலாம் நாள் அவள் போன் செய்தாள். "செவ்வாக்கெழம தரகரு ஓட்டிக்கிட்டுப் போறாராம். மாமன் வாக்குக் குடுத்துட்டாரு. சுழி செரியில்லீன்னா பாலுக்கு ஆரு வாங்குவா? எங்க போவும்னு உனக்கே தெரியுமில்ல," என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அன்றைக்கே ஸ்கோப்பை ஆர்டர் செய்தேன். பாதி அக்காவுக்காக, பாதி எனக்காக.

"மாட்டுக்கு ஈசிஜி எடுக்கப் போறியா?" என்றார் வீட்டுக்காரர்.

நேர்கோடு

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். மடியில் ஸ்கோப். கைப்பையின் அடியில், வீட்டுச் சாவிக்கும் குடைக்கும் கீழே, பழைய சாம்பல் மீட்டரும் கிடந்தது.

கட்டுத்தரைக்குப் போனதும் குழாயில் ஒரு முனை, ஈரத் தரையில் ஒரு முனை வைத்து ஸ்கோப்பைத் தட்டிவிட்டேன். திரையில் ஒரு கோடு வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி நேரான கோடு. அலை இல்லை, துள்ளல் இல்லை.

"என்ன அம்மிணி சொல்லுது?" என்றார் மாமா.

"ஒன்னும் இல்லீங்க மாமா."

அவர் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. அவருக்கும் செவலையை அனுப்ப மனசில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்புப் பக்கம் போய்விட்டார். இரண்டு தடவை, இரண்டு கருவி, இரண்டிலும் நானே தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. அக்கா கொடுத்த காபி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"இரு அம்மிணி. போயி மோட்டாரப் போட்டுட்டு வாரேன். தக்காளிக்குத் தண்ணி பாயோணும்."

"ஏன், மோட்டார் ஓடலையா?"

"நீ கை வெக்கறப்ப எப்புடி ஓட உடுவேன்? நீ பஸ்ஸ உட்டு எறங்கறேன்னு சொன்னதுமே போயி மெயினை எறக்கிப் போட்டுட்டுத்தான் அடுப்பே பத்த வெச்சேன்."

"போன தடவை?"

"போன தடவையும்தான். மாமன்ற தம்பிக்கு ஸ்டார்ட்டர்ல கரண்டடிச்சு அவரத் தூக்கிப் போட்டத நாங் கண்ணால பாத்திருக்கறன் சாமி. உன்னயக் கரண்டுல கை வெக்க உடுவனா?"

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது. மோட்டார் பூமிக்குள்ளே முந்நூறு நானூறு அடியில் கிடப்பது. ஓடினாலும் நின்றாலும் மேலே சத்தம் வராது. தொட்டியோ முன்பே நிரம்பியிருந்தது. எதைத் தேடி சேலத்திலிருந்து வந்தேனோ, அதை அக்கா ஒவ்வொரு முறையும் நான் வாசலை மிதிக்கும் முன்பே அணைத்து வைத்திருந்தாள். என் மேல் உள்ள பாசத்தால்.

அக்கா போட்ட நிபந்தனை

மோட்டாரைப் போட்டு அளக்க வேண்டும் என்றேன். அக்கா ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"நீ தொடக் கூடாது. மாமனும் தொடக் கூடாது. ஆரும் தொடாம அளக்கற மாதிரி உங்கிட்ட மிசினு இருந்தா அளந்துக்க. இல்லீன்னா வேண்டாம்."

ஸ்கோப்பைக் கையில் பிடித்துத் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் புத்தகத்தை நான் பாதிதான் படித்திருந்தேன். அப்போதுதான் மேக்ஸ் பட்டன் ஞாபகம் வந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

கைப்பையைத் தலைகீழாகக் கொட்டிச் சாம்பல் மீட்டரை எடுத்தேன். மோட்டார் நின்றிருக்கும்போதே எல்லாவற்றையும் மாட்டினோம். குழாயில் ஒரு கிளிப்பைக் கவ்வ விட்டேன். செவலை நிற்கிற இடத்தில் ஈரச் சாக்கை மடித்துப் போட்டு, அதன் மேல் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி, தட்டின் விளிம்பில் இன்னொரு கிளிப். டிஜிட்டல் மீட்டர்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் ஒயர் போனாலே, இல்லாத வோல்ட்டை இருப்பதாகக் காட்டும். அதனால் இரண்டு கிளிப்புக்கும் குறுக்கே ஒரு சின்ன ரெசிஸ்டரை, மின்தடைத் துண்டை, போட்டேன். பொய் வோல்ட் அதில் படுத்துவிடும், நிஜமானது நிற்கும். செவலையின் உடம்புக்குப் பதிலாக அந்த ரெசிஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேக்ஸ் பட்டனை அழுத்திவிட்டு எல்லோரும் விலகி வாசலுக்கு வந்துவிட்டோம். செவலையை வேப்பமரத்துக்கு மாற்றிக் கட்டியாயிற்று. அக்கா மோட்டாரைப் போட்டாள். பத்து நிமிஷம். மாமா மூன்று தடவை செல்போனில் மணி பார்த்தார். அணைத்துவிட்டு, மெயினையும் இறக்கிவிட்டு, "இப்பப் போ" என்றாள்.

ஏழு புள்ளி இரண்டு வோல்ட்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கமெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. இன்னொரு தடவை மோட்டாரைப் போட்டும் பார்த்தோம். அதே அளவு.

மாமாவுக்குத் திருப்தி இல்லை. "ஏழு வோல்ட்டுக்கா இத்தன ஆட்டம்? டெஸ்டர்ல லைட்டுக்கூட எரியலியே."

"எரியாதுங்க மாமா. டெஸ்டர் எரிய அம்பது அறுபதாவது வேணும். நான்தான் அதக் கொண்டுவந்து காட்டி உங்களக் கெடுத்தேன்."

"நாங்களும் தெனம் அந்தத் தண்ணியத் தொடறோம். ஒன்னும் பண்றதில்லியே."

"நீங்க ரப்பர் செருப்புப் போட்டிருக்கீங்க. அது நாலு காலும் ஈரத் தரையில, வாய் தண்ணியில."

அவர் இன்னும் தலையை ஆட்டவில்லை. மீட்டரின் முதுகைத் திறந்து சதுர பேட்டரியை எடுத்து நீட்டினேன். "இதுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நாக்குல வெச்சுப் பாருங்க."

மாமா பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு கோயிலில் தீர்த்தம் வாங்குகிற பாவத்தோடு நாக்கில் வைத்தார். வெடுக்கென்று தலையைப் பின்னால் இழுத்தார். செவலை இழுத்த மாதிரியே.

பேட்டரியை என் கையில் திருப்பி வைத்தார்.

"தெனமுமா அதுக்கு இதக் குடுத்துக்கிட்டிருந்தோம்?" என்றார். வேப்பமரத்தடிக்குப் போய்ச் செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

பூஜ்யத்தை நம்பாதவள்

திங்கட்கிழமை மோட்டார் மெக்கானிக் வந்து, போர்வெல் வாயில் குழாயோடு சேர்த்துக் கம்பியால் கட்டியிருந்த இடத்தில் கேபிளின் தோல் தேய்ந்து போயிருப்பதைக் கண்டுபிடித்தார். எர்த் குழி வேறு எலும்பாகக் காய்ந்து கிடந்ததாம். புதுக் கேபிள் போட்டு, குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றி, கரண்ட் தாண்டாதபடி தொட்டிக்கு வரும் குழாயின் நடுவில் இரண்டடி பிளாஸ்டிக் குழாய் சேர்த்துக் கொடுத்தார். சாம்பல் மீட்டரை அங்கேயே விட்டு வந்திருந்தேன். அக்கா போனில் படித்துச் சொன்னாள்: "சைபரு, புள்ளி, சைபரு ஒன்னு."

நான் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

சாயங்காலம் மறுபடி அழைத்தாள். செவலை குடிக்கவில்லை. தொட்டியைப் பார்த்ததும் பழையபடி காலை ஊன்றிக்கொண்டதாம். மீட்டர் காட்டுகிற பூஜ்யம் நமக்குச் சரி. அதற்கு யார் படித்துக் காட்டுவது?

மாமா முறைப்படிதான் பேசினார். "கரண்ட எடுத்தாச்சு, செரி. அது குடிக்கோணுமல்ல? தரகருகிட்டச் சொன்ன சொல்லு இருக்குது. நாளைக்குக் காலைல குடிச்சு, ஒதைக்காம நின்னா இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா போகட்டும்," என்றாராம். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாராம்.

செவ்வாய்க்கிழமை காலை பள்ளியில் மாணவர் சேர்க்கை வேலை. பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். நான் ஒரு குழந்தையின் பிறந்த தேதியை மூன்று தடவை தப்பாக எழுதி அடித்தேன். மேசை மேல் போன் அதிர்ந்தது. அக்கா.

"அம்மிணி," என்றாள். மூச்சு வாங்கியது. "தரகரு வந்து நிக்கறாரு. கவுத்தக் கையில வெச்சிருக்கறாரு."

"குடிச்சுதா?"

"கறந்தாச்சு, ஒதைக்கல. இப்ப மோட்டாரு ஓடுது. நாஞ் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு ஈரத்துல நிக்கறன். ஒரு கை தொட்டிக்குள்ளதான் கெடக்குது. தரகரு வந்ததுல இருந்து இப்புடித்தான் நிக்கறன். எனக்கு ஒன்னும் பண்ணலன்னு அதுவும் பாத்துக்கிட்டே இருந்துச்சு."

"அக்கா, குடிச்சுதா?"

"பேசாத. கேளு."

போனைத் தொட்டிப் பக்கம் நீட்டியிருப்பாள் போலிருக்கிறது. முதலில் தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்டது. அதற்குள்ளிருந்து, சர்ர், சர்ர் என்று இழுத்து உறிஞ்சுகிற சத்தம். நடுவில் ஒரு பெருமூச்சு. மறுபடி சர்ர். தூரத்தில் தரகர், "கவுத்த வெச்சுட்டுப் போறனுங்க," என்று சொல்வதும், மாமா, "டீ குடிச்சுட்டுப் போங்க," என்று கரகரத்த குரலில் சொல்வதும் கேட்டது.

எதிரே நின்ற பெற்றோர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதாவது கெட்ட சேதிங்களா?" என்று கேட்டார். இல்லை என்று கையை ஆட்டினேன். போனைக் காதிலிருந்து எடுக்காமல், செவலை குடித்து முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.